எந்தக் கண்டிஷன்ல?

கார் வாங்கி ஏமாந்த ஒருத்தரைப் பார்த்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "வாங்கறதுக்கு முன்னாடி நாலு பேர்கிட்ட விசாரிச்சிருக்க வேணாமா?" என்பதுதான். இன்ஜினியரிங் படிக்கிறவர்கள் வாயில் இது இன்னும் சீக்கிரம் வரும். "மைலேஜ் விளம்பரத்தையெல்லாமா நம்புவாங்க?" என்று கூடவே ஒரு சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பு தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். விளம்பரத்தில் ஒரு எண்ணைப் பெரிதாகப் போட்டவரை விட்டுவிட்டு, அதை நம்பினவரை நாம் குறுக்கு விசாரணை செய்கிறோம்.

இது நமக்கு எதற்கு என்று கேட்காதீங்க. இன்னும் ரெண்டு மூணு வருஷத்தில் உங்களில் பலர் வீட்டுக்கு முதல் கார் வரப்போகிறது. தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று உங்களுக்கே தெரியும். அப்பாவின் பி.எஃப்., அம்மாவின் நகை, உங்கள் முதல் சம்பளத்தை நம்பி எடுக்கும் லோன். ஷோரூமுக்குப் போகும்போது வீட்டில் சொல்வார்கள்: "நீ இன்ஜினியரிங் தானே படிச்சிருக்க, நீ வந்து பாருப்பா." சிவில் படித்திருந்தாலும் நீங்கதான் போகணும்.

நம்ம ஏரியாவுக்கு வண்டி ஒன்றும் புதுசு இல்லை. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டின் பழைய ஆலை, அதே ஊரில் எம்.ஆர்.எஃப். டயர். ஒரு தெருவுக்கு ரெண்டு ஃபிட்டராவது இருப்பார். ஹூண்டாய் கார்கள் சென்னைத் துறைமுகத்திலும் நிசான் கார்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலும் கப்பல் ஏறுகின்றன. சத்தத்தை வைத்தே இன்ஜினில் என்ன கோளாறு என்று சொல்கிற ஆட்கள் இருக்கும் ஊர் இது. அவர்களும் கார் விளம்பரத்தில் ஏமாறுகிறார்கள். காரணம், விளம்பரம் இன்ஜினை மறைப்பதில்லை. எந்த நிலைமையில் அந்த எண் கிடைத்தது என்பதை மறைக்கிறது.

மைலேஜையே எடுத்துக்குவோம். விளம்பரத்தில் வரும் "லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்" ரோட்டில் ஓட்டி எடுத்தது இல்லை. சோதனைக்கூடத்தில், டைனமோமீட்டர் உருளைகள் மேல் காரை நிறுத்தி, எம்.ஐ.டி.சி. என்ற வரையறுக்கப்பட்ட ஓட்டத்தில் எடுத்தது. மொத்தம் சுமார் 20 நிமிடம். தூரம் 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதிகபட்ச வேகம் 90. அறை வெப்பநிலை 20 முதல் 30 டிகிரிக்குள். ஏ.சி. ஆஃப். இப்போ மே மாசம் மதியம், கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில், எண்ணூர் விரைவுச் சாலையில் நாலு பேரோடு ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்கும் காரை நினைச்சுப் பாருங்க. ரெண்டுக்கும் ஒரே எண் வரும் என்று எந்த மெக்கானிக்கல் மாணவரும் சொல்ல மாட்டார்.

சோதனை மேல் எனக்குக் கோபம் இல்லை. ரெண்டு காரை ஒரே நிலைமையில் ஒப்பிட ஒரு பொதுவான அளவுகோல் வேண்டும், அதற்குத்தான் அது. ஒப்பிடுவதற்காக எடுத்த எண்ணை "உங்களுக்குக் கிடைக்கப்போகும் மைலேஜ்" என்கிற மாதிரி ஹோர்டிங்கில் ஏற்றும்போதுதான் அது வேறு வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

கேரளத்தில் ஒருவர் இதை விடாமல் துரத்தியிருக்கிறார். திருச்சூர்ப் பக்கம் ஒரு பெண்மணி 2014-ல் ஃபோர்டு கிளாசிக் டீசல் கார் வாங்கினார். விளம்பரத்தில் சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 32 கி.மீ. கையில் கிடைத்தது அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். ஒரு நிபுணரை நியமித்து அந்தக் காரையே ஓட்டிப் பார்த்தார்கள். 19.6 வந்தது. கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைவு. மாசம் 1,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு 31 லிட்டரில் முடியும் என்று நினைத்த செலவு 51 லிட்டர் ஆகிறது. 2022 கடைசியில் தீர்ப்பு வந்தது: நிறுவனமும் டீலரும் சுமார் 3 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இதில் எனக்குப் பிடித்த விஷயம் அந்த 3 லட்சம் இல்லை. "ரோடு சரியில்ல, ஓட்டுற விதம் சரியில்ல" என்று நாம் வழக்கமாகச் சொல்லும் சமாதானத்துக்குப் பதிலாக அங்கே ஒருத்தர் அளந்து பார்த்தார். எட்டு வருஷம் ஆனது என்பது வேறு கதை. அதையும் மறக்க வேண்டாம்.

எண் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இன்னொரு கதை. இது அமெரிக்காவில் நடந்தது, ஆனால் நம்ம லேபுக்கு ரொம்பப் பக்கம். 2012 நவம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்களின் மைலேஜ் எண்கள் அதிகமாகக் காட்டப்பட்டிருக்கின்றன என்று அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. கோஸ்ட்-டவுன் சோதனை தெரியும்தானே? காரை ஒரு வேகத்துக்குக் கொண்டுபோய் நியூட்ரலில் விட்டு, அது எப்படி வேகம் இழக்கிறது என்று அளந்து, காற்றுத் தடையையும் டயர் உருளும் தடையையும் கணக்கிடுவது. அதில் பல தடவை ஓட்டிச் சராசரி எடுக்காமல், சாதகமாக வந்த ரீடிங்குகளை வைத்துக்கொண்டார்கள், பின்னாலிருந்து காற்று தள்ளிய ஓட்டங்களையும் சேர்த்துக்கொண்டார்கள் என்பது அரசின் குற்றச்சாட்டு. 2014-ல் 100 மில்லியன் டாலர் அபராதத்தில் சமரசம் ஆனது. உங்க லேபில் ஒருத்தர் அஞ்சு ரீடிங் எடுத்து அழகாக வந்த ஒன்றை மட்டும் ரெக்கார்டில் எழுதினால் மேடம் ரீப்பீட் போடச் சொல்வார். அதே வேலையைத்தான் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள்.

மின்சார காரிலும் இதே கதைதான், கிலோமீட்டருக்குப் பதிலாக 'ரேஞ்ச்'. 2021 மார்ச்சில், டாடா நெக்ஸான் மின்காரின் சோதனை எண் 312 கி.மீ., தனக்கு 200-கூடத் தாண்டவில்லை என்று ஒருவர் புகார் செய்ய, டெல்லி அரசு அந்த மாடலுக்கான மானியத்தை நிறுத்தியது. உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை கொடுத்தது. பின்னாளில் அதே நிறுவனம் சோதனை எண்ணோடு, உண்மையான சாலையில் எதிர்பார்க்கக்கூடிய ரேஞ்ச் என்று இன்னொரு எண்ணையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தது. சொல்ல முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

பெட்ரோல் கணக்கு தப்பினால் பணம்தான் போகும். பாதுகாப்புக் கணக்கு அப்படி இல்லை. இங்கேதான் நம்ம துறைமுகம் கதைக்குள் வருகிறது.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற அஞ்சு சின்ன கார்களை மோதவிட்டுப் பார்த்தது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஹூண்டாய் ஐ10, ஃபோக்ஸ்வேகன் போலோ. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள், மணிக்கு 64 கி.மீ. வேகம். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அஞ்சுக்கும் பூஜ்யம். இதில் ஐ10 நம்ம ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தயாராகி, சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கும் போன கார். ஐரோப்பிய வடிவத்துக்கு 2008-லேயே யூரோ என்கேப் சோதனையில் 4 நட்சத்திரம் கிடைத்திருந்தது. அங்கே ஏர்பேக்கோடு போனது. இங்கே அடிப்படை மாடலில் அது கிடையாது. ஒரே ஊர், ஒரே ஆலை, ஒரே பெயர். ராயபுரத்தைத் தாண்டிக் கப்பலேறின காருக்கும் ராயபுரத்து வீட்டு வாசலில் நின்ற காருக்கும் அத்தனை வித்தியாசம். எந்த விளம்பரத்திலும் "இது ஏர்பேக் இல்லாத மாடல்" என்று பெரிய எழுத்தில் போட்டு நான் பார்த்ததில்லை.

போலோ விஷயத்தில் நடந்ததும் கவனிக்க வேண்டியது. ஏர்பேக் இல்லாமல் பூஜ்யம் வாங்கிய அதே கார், ரெண்டு ஏர்பேக்கோடு சோதித்தபோது 4 நட்சத்திரம் வாங்கியது. நிறுவனம் ஏர்பேக் இல்லாத மாடலையே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. ஆக நட்சத்திரம் என்பது காரின் பெயருக்குக் கிடைக்கிற பட்டம் இல்லை. மோதவிட்ட அந்தக் குறிப்பிட்ட வடிவத்துக்கு, அந்தக் குறிப்பிட்ட உபகரணங்களோடு, அந்தக் குறிப்பிட்ட வேகத்தில் கிடைத்த மதிப்பெண். இப்போ முன்சீட் ரெண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமாகிவிட்டது. 2023 அக்டோபரிலிருந்து நமக்கே பாரத் என்கேப் இருக்கிறது. ஆனாலும் "5 நட்சத்திர கார்" என்று விளம்பரம் கத்தும்போது, உங்க அப்பா வாங்கப்போகும் வேரியண்டும் அந்த மதிப்பெண்ணுக்குள் வருகிறதா, பழைய விதியில் வாங்கின நட்சத்திரமா புது விதியிலா என்று கேட்டுத்தான் ஆகணும். கேட்டால் சேல்ஸ் அண்ணா கொஞ்சம் முழிப்பார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கும் ப்ரோஷர் மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஏர்பேக் பற்றி நம்ம எல்லாரும் தெரிந்துவைக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. டெல்லியைச் சேர்ந்த ஒருவர் 2015-ல் ஹூண்டாய் கிரெட்டா வாங்கினார். 2017 நவம்பரில் டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து. ஏர்பேக் விரியவில்லை, தலையிலும் மார்பிலும் அடி. முன்பக்கத்தில் விழுந்த மோதல் ஏர்பேக் விரியும் அளவுக்கு இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வேகம், விசை என்று இயற்பியல் கணக்குப் போட்டு மோதலை அளக்கும் நிபுணராகக் கார் வாங்குகிறவர் இருக்க வேண்டியதில்லை என்றது. பாதுகாப்பு அம்சம் இருக்கிறது என்று சொல்லி விற்றால், நியாயமாக யோசிக்கும் ஒரு சாதாரண வாங்குபவர் அதிலிருந்து என்ன எதிர்பார்ப்பாரோ அதைக் கார் தர வேண்டும். காரை மாற்றித் தரவும் இழப்பீடு கொடுக்கவும் கீழே போட்ட உத்தரவு அப்படியே நின்றது.

இயற்பியல் படித்த நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும். "டிசெலரேஷன் த்ரெஷோல்டு வரலன்னா ஏர்பேக் எப்படி ஓப்பன் ஆகும்?" என்று ஹாஸ்டலில் வாதம் பண்ணுவோம். தொழில்நுட்பமாக அது சரியான கேள்வியும்கூட. ஆனால் விளம்பரத்தில் அந்த த்ரெஷோல்டு எங்கே இருந்தது? "ஏர்பேக் உண்டு" என்று மட்டும்தானே இருந்தது? எண்ணைச் சொல்கிறவர்தான் அதன் நிபந்தனையையும் சொல்லணும். வாங்குகிறவர் தேடிக் கண்டுபிடிக்கணும் என்றால், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு காசிமேட்டு வியாபாரி கார் வாங்கவே கூடாதா?

விலைக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் யூடியூபில் ஏற்கெனவே ஆயிரம் வீடியோ இருக்கிறது. விளம்பரத்தில் வருவது ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து, 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18. ஷோரூம் விலையை வைத்துக் கணக்குப் போட்டால் 9,99,000 ரூபாய் காருக்கு வரி 1,29,870. வெறும் 11,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 10,10,000-க்கு அடுத்த வேரியண்ட் எடுத்தால் வரி 1,81,800. "இன்னும் பதினோராயிரம் போட்டா சன்ரூஃப் வரும் சார்" என்பதன் உண்மையான விலை 60,000-ஐத் தாண்டுகிறது. இன்ஷூரன்ஸை ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

லோன் விளம்பரம் இன்னும் மோசம். "வெறும் 7 சதவீதம்" என்பார்கள், பக்கத்தில் 'ஃபிளாட்' என்று பொடி எழுத்தில் இருக்கும். 5 லட்சத்துக்கு 5 வருஷம், 7 சதவீத ஃபிளாட் என்றால் வட்டி 1,75,000, மாசத் தவணை 11,250. நீங்க ஒவ்வொரு மாசமும் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் வட்டி முழு 5 லட்சத்துக்கே ஓடிக்கொண்டிருக்கும். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது கிட்டத்தட்ட 12.5 சதவீதம். நம்பிக்கை இல்லையென்றால் எக்செல்லில் போட்டுப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. 2024 அக்டோபரிலிருந்து லோன் கொடுப்பவர் உண்மையான வருடாந்திர விகிதத்தைப் போட்டு ஒரு முக்கியத் தகவல் அறிக்கை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கையெழுத்துக்கு முன்னாடி அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்க.

பழைய கார் என்றால் நம்ம பக்கத்துக்கென்று ஒரு தனி ஆபத்து இருக்கிறது. 2015 வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம். மிக்ஜாமில் எண்ணூர்ப் பக்கம் வெறும் தண்ணீர் இல்லை. பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெயும் சேர்ந்து வீடுகளுக்குள் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மூழ்கின கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவி, சீட் கவர் மாற்றி, "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, கீறல்கூட இல்ல" என்று விளம்பரத்தில் வந்து நிற்கும். கீறல் இல்லாதது உண்மையாகவே இருக்கலாம், தண்ணீர் கீறாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தெரியும். கால்மிதிக்குக் கீழே உள்ள கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்க. சீட் போல்ட்டில், ஸ்டெப்னி வைக்கும் குழியில் துரு இருக்கிறதா என்று பாருங்க. பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளை வாங்கி 'நோ கிளெய்ம் போனஸ்' எவ்வளவு என்று பாருங்க. 45 சதவீதம் வரை ஏறின போனஸ் அடுத்த வருஷம் பூஜ்யம் ஆகியிருந்தால் நடுவில் ஒரு கிளெய்ம் நடந்திருக்கலாம். அது எந்த மாசம் என்று கேளுங்க. டிசம்பர் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

சரி, ஏமாற்றினால் என்ன செய்வது? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொய் சொல்வது மட்டும் தவறான விளம்பரம் இல்லை. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் அடங்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவை 10 லட்சம் வரையும் மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். உங்கள் நஷ்டத்துக்கு மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடணும். முன்பு மாதிரி கம்பெனி இருக்கும் ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை, நீங்க குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். வட சென்னைக்கென்றே தனி ஆணையம் இருக்கிறது. கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். வழக்கில் நிற்பது காகிதம்தான். ஆகவே புக் பண்ணும் நாளிலேயே ப்ரோஷர், பேப்பர் விளம்பரம், இன்ஸ்டா ரீல் ஸ்க்ரீன்ஷாட், சேல்ஸ்மேன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வைங்க. அவர் வாயால் சொன்னதைக்கூட "அண்ணா, 22 மைலேஜ் வரும்னு சொன்னீங்களே, எந்தக் கண்டிஷன்ல?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டு எழுத்தாக வாங்கிக்குங்க.

கார் வாங்காதவர்களும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகையில் வரும் ஒரு முழுப்பக்க கார் விளம்பரத்தை எடுத்துப் பாருங்க. சேமிப்பு, மைலேஜ், நட்சத்திரம் எல்லாம் கொட்டைத் தமிழில் இருக்கும். உடுக்குறி போட்டு நிபந்தனைகள் மட்டும் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்கிற மாதிரி ஆங்கிலத்தில் இருக்கும். ஆசை காட்டத் தமிழ், தப்பித்துக்கொள்ள ஆங்கிலம். 2022 ஜூனில் வந்த மத்திய வழிகாட்டு நெறிமுறைகள் இதைத் தெளிவாகவே தடுக்கின்றன. கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில், கண்ணில் படும் இடத்தில் நிபந்தனை இருக்க வேண்டும். தவறான கூற்றை அடிக்குறிப்பால் சரிக்கட்டவும் கூடாது. இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2025 ஆகஸ்ட்டில், "5 நிமிஷத்தில் ஆட்டோ, இல்லையென்றால் 50 ரூபாய்" என்று விளம்பரம் செய்த ராபிடோவுக்கு 10 லட்சம் அபராதம் விழுந்தது. அந்த 50 ரூபாய் பணமாக இல்லாமல் ஏழு நாளில் காலாவதியாகும் காயினாக இருந்ததும், நிபந்தனை படிக்க முடியாத பொடி எழுத்தில் இருந்ததும் காரணங்களில் சேர்ந்தன.

இந்த மாதிரி விளம்பரம் மேல் புகார் கொடுக்க நீங்க அந்தக் காரை வாங்கியிருக்க வேண்டியதில்லை. பொதுவாக நுகர்வோரைப் பாதிக்கும் விளம்பரம் என்றால் மத்திய ஆணையத்துக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ எழுதலாம் என்று சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. சென்னை ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில், துறைமுகத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. பீச் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்துபோகும் தூரம். அடுத்த ஞாயிறு பேப்பரில் விளம்பரம் வந்ததும், தேதி தெரிகிற மாதிரி முழுப் பக்கத்தையும் ஒரு போட்டோ, அடியில் இருக்கும் பொடி எழுத்தை ஜூம் பண்ணி இன்னொரு போட்டோ எடுத்து வைங்க.